ஒயின்ஸ் இல்லை பெரியம்மா, ஒயின்!

இந்த வாரப் பத்திக்கு நான் எழுதி வைத்திருந்தது சாத்தூர் காராசேவு. திங்கட்கிழமை மீட்டிங்கில் அதைச் சொல்லிவிட்டு சும்மா இருந்திருக்கலாம். பேச்சுவாக்கில், “கப்பல்ல இருக்கிற எங்க அண்ணன் போர்ச்சுகல்ல இருந்து ரெண்டு ஒயின் பாட்டில் கொண்டுவந்து வீட்ல ஒரே கலவரம்” என்று உளறிவிட்டேன். அவ்வளவுதான், சேவு தள்ளிப்போனது. “போர்ச்சுகல் ரெட் ஒயினுக்கு நம்ம ஊர்ச் சாப்பாடு எது பொருந்தும்னு எழுது. சேவும் அதுக்குள்ள வரட்டும்” என்றார்கள்.

எழுதலாம்தான். ஆனால் இந்தப் பத்தியை என் அம்மா படிக்கிறார். பெரியம்மாவும் படிக்கிறார். பெரியம்மா போனில் எழுத்தைப் பெரிதாக்கி ஒரு வரி விடாமல் படிப்பவர். அவருக்குத் தெரியாமல் இதில் ஒரு சொல்கூட எழுத முடியாது. அவர் சொல்லித்தான் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணன் என்று சொன்னது பெரியம்மா மகனை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். போன மே மாதம் லீவில் வந்தான். வருவதற்கு முன்னால் அவன் கப்பல் போர்ச்சுகலின் வடக்கே, போர்ட்டோ நகரத்தை ஒட்டிய லெய்ஷோயிஷ் துறைமுகத்தில் நின்றிருக்கிறது. கப்பல் சமையல்காரர் கோவாக்காரர். “போர்ட்டோ வரைக்கும் வந்துட்டு ஒயின் வாங்காமப் போறவன் நீ ஒருத்தன்தான்” என்று கேலி செய்ய, ரோஷத்தில் இரண்டு பாட்டில் வாங்கிவிட்டான். இத்தனைக்கும் அண்ணன் குடிக்கிறவன் இல்லை. ஏன் குடிக்கிறவன் இல்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பெட்டியைத் திறந்து, கைலியில் சுற்றியிருந்ததைப் பிரித்ததும் பெரியம்மா கேட்டார்.

“என்னடா இது?”

“ஒயின்மா.”

“ஒயின்ஸா?”

அந்த ‘ஸ்’தான் பிரச்னை. தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனையை 2003-ல் டாஸ்மாக் ஏற்கும்வரை தனியார் கடைகள் இருந்தன. வாசலில் ஏதாவது ஒரு பெயரும் ‘ஒயின்ஸ்’ என்ற சொல்லும் எழுதியிருக்கும். உள்ளே ஒயினைத் தவிர மற்றதெல்லாம் விற்கும். கடை கைமாறிப் போர்டு மாறினாலும் சொல் மாறவில்லை. எங்கள் பக்கம் “ஒயின்ஸுக்குப் போயிருக்காரு” என்றால் திராட்சைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பெரியப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். நைட் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் ஒயின்ஸ். 2013-ல், ஈரல் கெட்டு, 52 வயதில் போய்விட்டார். அப்போது நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவருடைய வயிறு மட்டும் பெரிதாக இருந்தது நினைவிருக்கிறது.

பெரியம்மா கத்தவில்லை. “இது இந்த வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது” என்று ஒரே ஒரு வாக்கியம். அன்று மாலையே அண்ணன் இரண்டு பாட்டிலையும் பைக்கில் வைத்துக்கொண்டு, 12 கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மா அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

பீப்பாயும் கோப்பையும் யாருடையவை?

அந்த வாரம் முழுக்க நான் போர்ச்சுகலைப் பற்றிப் படித்தேன். ஆச்சரியம் என்னவென்றால், ஒயின் நமக்கு அந்நியமாக இருக்கலாம், அதைச் சுற்றியுள்ள சொற்கள் அப்படியில்லை. நாம் ‘பீப்பாய்’ என்கிறோமே, அது போர்த்துகீசிய ‘பீப்பா’. போர்ட்டோவில் இன்றைக்கும் அதுவே ஓர் ஒயின் அளவு. ஒரு பீப்பா என்றால் 550 லிட்டர். ‘கோப்பை’யும் அவர்களுடைய ‘கோப்பு’வில் இருந்து வந்ததே. மேசை, ஜன்னல், சாவி, அலமாரி, துவாலை, ஏலம், கொய்யா, அன்னாசி எல்லாம் அதே கப்பலில் வந்தவை.

எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் தூத்துக்குடி. அந்த முத்துக்குளித்துறைக் கரையில் 1530-களில் போர்த்துகீசியர் காலூன்றினார்கள். 1542-ல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். பூசை வைக்கப் பாதிரியாருக்குத் திராட்சை ஒயின் கட்டாயம் வேண்டும். ஆக, நம் கடற்கரைக்குப் போர்த்துகீசிய ஒயின் வந்து ஐந்நூறு வருடம் ஆகப்போகிறது. அதை நாம் எடுத்துக்கொள்ளவில்லை, பீப்பாயை எடுத்துக்கொண்டோம்.

இன்னொரு சின்ன சந்தோஷம். பாட்டிலில் ‘வீஞ்ஞு டிண்டு’ என்று போட்டிருக்கிறது. சிவப்பு ஒயின் என்று அர்த்தம். அந்த ‘ஞ்ஞ’ உச்சரிப்பை ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுத முடியாது. நம் எழுத்தில் அச்சாக வந்துவிடுகிறது.

அண்ணன் வாங்கியதில் ஒன்று டோரு பள்ளத்தாக்கின் சாதாரண ரெட் ஒயின், இனிப்பே இல்லாதது. இன்னொன்று போர்ட், அதிலும் ‘டானி’ என்ற வகை, இனிப்பானது. இரண்டும் ஒரே மலைச்சரிவில் விளையும் திராட்சைதான். டூரிகா நாசியோனல், டூரிகா ஃப்ராங்கா என்று அவர்களுக்கே உரிய ரகங்கள். பல நாடுகளில் பிரபலமான சில திராட்சைகளையே அதிகம் நடுகிறார்கள். போர்ச்சுகலில் உள்ளூர் ரகமே 250 வரை இருக்கிறது. நம் நெல் ரகங்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டோரு ஆற்றின் இரு கரையிலும் பலகை பலகையாக உடையும் கல்மலை. அதில் படிக்கட்டு வெட்டிக் கொடி நட்டிருக்கிறார்கள். எந்த எல்லைக்குள் விளைந்தால் போர்ட் என்று சொல்லலாம் என்பதை 1756-லேயே வகுத்து, கல்தூண் நட்டுவிட்டார்கள். இன்றைய புவிசார் குறியீட்டுக்கு மூத்த அண்ணன் என்று சொல்லலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அது கிடைத்தது 2019-ல்.

போர்ட் இனிப்பாக இருப்பதற்குக் காரணம், திராட்சைச் சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீதம் ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிடுவது. ஈஸ்ட் செத்துப்போகும், மீதி இனிப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் சாதாரண ஒயினில் 12 முதல் 15 சதவீதம் இருக்கும் ஆல்கஹால், போர்ட்டில் 19 முதல் 22 வரை போகிறது. “இனிப்பா ஜூஸ் மாதிரிதான் இருக்கு” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதைப் பீப்பாயில் வருடக்கணக்கில் போட்டுவைத்தால் ரத்தச் சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாகி, முந்திரி, உலர்ந்த அத்திப்பழம், காய்ச்சிய சர்க்கரை வாசம் வரும். அதுதான் டானி.

துவர்ப்பு என்றால் நமக்குத் தெரியாதா?

ஒயினோடு சாப்பாட்டைப் பொருத்துவது என்றாலே பெரிய வித்தை மாதிரி எழுதுகிறார்கள். எனக்குப் புரிந்தவரை அடிப்படை மூன்றுதான்: துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு. இதில் ரெட் ஒயினின் முக்கியமான குணம் துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் செய்யும் வேலை அது. (மேலே சொன்ன டானி வேறு, இது வேறு.) நாவல்பழம் தின்றபின் நாக்கு இழுத்துக்கொள்கிறதே, அதேதான். எச்சிலில் இருக்கும் புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டதுபோலத் தெரிகிறது. கூடவே கறியும் கொழுப்பும் உப்பும் சாப்பிட்டால் அந்த இழுப்பு குறைந்து, ஒயின் மென்மையாகிறது. ரெட் ஒயினுக்கு ஆட்டுக்கறி என்று சொல்வதன் ரகசியம் இவ்வளவுதான்.

சிக்கல் மிளகாயில். மிளகாய்க் காரம் இருக்கும் நாக்கில் ஆல்கஹால் பட்டால் எரிச்சல் கூடும், துவர்ப்பும் முரட்டுத்தனமாகத் தெரியும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அமெரிக்கக் கண்டத்து மிளகாயைக் கப்பலில் ஏற்றி நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்களே போர்த்துகீசியர்கள்தான். அதற்கு முன்னால் நம் சமையலில் காரம் என்றால் மிளகு. அவர்கள் கொடுத்த மிளகாயை நாம் பிடித்துக்கொண்ட பிடியில், அவர்களுடைய ஒயினுக்கு நம் குழம்பில் இடமில்லாமல் போய்விட்டது.

அந்த மோதலுக்கு ஒரு தீர்வையும் அவர்களே வைத்திருந்தார்கள். ‘விண்டாலு’ என்று ஓட்டல்களில் போடுகிறார்களே, அதில் இருக்கும் ‘ஆலு’ உருளைக்கிழங்கு இல்லை. ‘வீஞ்ஞா தாலியுஷ்’, அதாவது ஒயினும் பூண்டும். நீண்ட கப்பல் பயணத்தில் கறி கெடாமல் இருக்க ஒயினிலும் பூண்டிலும் ஊறப்போட்டார்கள். கோவாவுக்கு வந்ததும் ஒயினுக்குப் பதில் கள்ளில் எடுத்த வினிகர் சேர்ந்தது, மிளகாயும் சேர்ந்தது, பெயர் சுருங்கியது. பன்றிக்கறியில் உருளைக்கிழங்கு வெட்டிப்போட்டு அதை விண்டாலு என்பவர்களைக் கண்டால் அண்ணனுடைய சமையல்காரர் சண்டைக்கே போவாராம்.

போர்ட்டோக்காரர்களின் சொந்தச் சாப்பாட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே தெம்பு வந்தது. அந்த ஊர்க்காரர்களுக்குப் பட்டப்பெயரே ‘குடல் தின்னிகள்’. 1415-ல் வட ஆப்பிரிக்காவின் செயூட்டா மீது படையெடுத்துப் போன கப்பல்களுக்கு நல்ல கறியையெல்லாம் கொடுத்துவிட்டு, மிஞ்சிய குடலை வைத்துச் சமைத்துச் சாப்பிட்டார்களாம், அதனால் அந்தப் பெயர் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, குடலையும் வெள்ளை மொச்சை மாதிரியான ஒரு பயறையும் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு இன்றைக்கும் போர்ட்டோவின் அடையாளம். கூட ரெட் ஒயின். ராஜபாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்குக் குடல் குழம்பு வைக்காத அசைவ வீடு உண்டா?

கருவாடும் அவர்களுக்கு உண்டு. ‘பக்கல்யாவ்’ என்று உப்புப்போட்டுக் காயவைத்த காட் மீன். அது போர்ச்சுகல் கடலில் கிடைப்பதே இல்லை, வடக்கே நார்வே பக்கமிருந்து வருகிறது. ஆனால் அது இல்லாமல் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை. மீனுக்கு வெள்ளை ஒயின்தான் என்று உலகமே சொல்லும்போது, பக்கல்யாவுக்கு ரெட் ஊற்றிக் குடிக்கிற ஆட்கள் அவர்கள்.

மொட்டைமாடியில் ஓர் ஞாயிறு

நான் லீவு போட்டு ஊருக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ‘ஆய்வு’ நடந்தது. அம்மா போட்ட நிபந்தனை இரண்டு. ஆளுக்கு இரண்டு வாய்க்கு மேல் கூடாது. அக்காவுக்குத் தெரியக் கூடாது.

அப்பாவுக்கு ஒயின் வேண்டாமாம். அவருக்குக் கம்பம் பன்னீர்த் திராட்சையைப் பிழிந்து உப்பில்லாமல், சர்க்கரையில்லாமல் ஒரு டம்ளர். ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை காட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. எனக்கு இதைச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது: ஒயின் குடிக்காத வீட்டில் இந்தப் ‘பொருத்தம்’ விளையாட்டை விளையாட வேண்டுமானால் தோலோடு அரைத்த பன்னீர்த் திராட்சைச் சாறே போதும். துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் அதில் இருக்கிறது. அப்பா அன்று சொன்ன தீர்ப்புகள் எங்கள் தீர்ப்புகளோடு பெரும்பாலும் ஒத்துப்போயின.

முதல் தடை, கார்க். அதை எடுக்கும் திருகாணி வீட்டில் இல்லை. அண்ணன் இன்ஜினீயர் புத்தியைக் காட்டினான். மரத்துக்கு அடிக்கும் நீள ஸ்க்ரூவைக் கார்க்கில் இறக்கி, கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தான். ‘டப்’ என்று வந்தது. உலகத்தின் கார்க்கில் பாதி போர்ச்சுகலில் இருந்து வருகிறது. அந்த ஓக் மரத்தை வெட்டுவதில்லை, பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். நட்டு 25 வருடம் கழித்து முதல் உரிப்பு, பிறகு 9 வருடத்துக்கு ஒருமுறை. எந்த வருடம் உரித்தது என்று அடிமரத்தில் வெள்ளை பெயின்டில் எண் எழுதிவைப்பார்களாம். பாட்டிலுக்கு ஆகிற தரத்தில் பட்டை கிடைப்பது மூன்றாவது உரிப்பில்தான். தாத்தா நட்டதைப் பேரன் உரிக்கிற விவசாயம்.

இரண்டாவது தடை, வெயில். ரெட் ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ பரிமாறு என்று எழுதியிருப்பதை நம்பி ராஜபாளையத்து மே மாதத்தில் செய்தால் கஷாயம்தான். அவர்கள் சொல்லும் அறை 16, 18 டிகிரி. அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்து எடுத்தோம். கண்ணாடிக் கோப்பை இல்லாததால் டீ கிளாஸ். வெட்கப்படவில்லை. போர்ச்சுகலின் மின்யோ பக்கத்துக் கிராமங்களில் ரெட் ஒயினை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில்தான் குடிப்பார்கள்.

முதலில் உப்புக்கறி. சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு, நல்லெண்ணெய், ஆட்டுக்கறி, வேறு மசாலா கிடையாது. அம்மா மிளகாயில் பாதியைக் குறைத்து, விதையைத் தட்டிவிட்டுப் போட்டிருந்தார். தனியாக ஒரு வாய் குடித்தபோது நாக்கை இழுத்த ஒயின், கொழுப்புள்ள ஒரு துண்டை மென்ற பிறகு சாதுவாகிவிட்டது. கறியின் ருசியும் கொஞ்சம் கூடத் தெரிந்தது. இதுதான் அன்றைய முதல் மார்க். ஆனால் மறுபடி ஒரு முழு மிளகாய் பல்லில் பட்டதும் எல்லாம் போச்சு, ஒயின் நெருப்பாக இறங்கியது.

குடல் குழம்பு நான் நினைத்த அளவு வரவில்லை. போர்ட்டோக்காரர்கள் குழம்பில் சீரகமும் மிளகும்தான் முன்னால் நிற்கும். நம் குழம்பில் தேங்காயும் மல்லியும் மிளகாயும் சேர்ந்து ஒயினை அமுக்கிவிட்டன. மிளகு தூக்கலாகக் குடல் வறுவலாகச் செய்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அடுத்த முறை என்று சொல்ல வந்தேன், அம்மா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

நெத்திலிக் கருவாடு பரிதாபம். வாயில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுக்கொண்டதுபோல இரும்புச் சுவை. இதற்குக் காரணம் இருக்கிறது. ரெட் ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து, மீன் கொழுப்போடு சேர்ந்தால் அந்தக் கெட்ட நாற்றம் வருகிறது என்று 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். காட் மீனில் கொழுப்பு குறைவு, உப்பையும் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிடுகிறார்கள், அதனால் அவர்கள் தப்பிக்கிறார்கள்.

சாத்தூர் காராசேவு சுமார். உப்பும் எண்ணெயும் பூண்டும் நன்றாகவே நின்றன. ஆனால் சேவுக்கு டீதான் சரி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கடைசியில் பால்கோவா வர வேண்டும். அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிவர வேண்டியது, மறந்துவிட்டு வந்திருந்தான். “பரவால்ல, மாம்பழம் இருக்கு” என்று நாங்கள் சப்பட்டையை நறுக்கிக்கொண்டிருந்தபோது கீழே கேட் சத்தம் கேட்டது.

பெரியம்மா

“இவன் பால்கோவாவ சொல்லிட்டு வாங்காமயே வந்துட்டானாமே. உங்கம்மா போன்ல சொன்னா. அதான் பஸ்ஸப் புடிச்சு வந்துட்டேன்” என்று மஞ்சள் பையோடு படியேறி வந்த பெரியம்மா, மேசையைப் பார்த்து அப்படியே நின்றார்.

யாரும் எதுவும் பேசவில்லை. அப்பா பதற்றத்தில் தன் திராட்சை ஜூஸை நாற்காலிக்குக் கீழே ஒளித்தார். எந்தப் பாவமும் அறியாத டம்ளர் அது.

பெரியம்மா உட்கார்ந்தார். பையிலிருந்து பால்கோவாப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். அப்புறம் கிடந்த கார்க்கை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

“உங்க பெரியப்பா மேல அடிச்ச வாடை இது இல்ல” என்றார்.

அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அது ஒரு நொடிகூட நிற்கவில்லை.

“ஆனா அவரும் மொதல்ல ஞாயித்துக்கிழமை கறியோடதான் ஆரம்பிச்சாரு. சம்பளத்தன்னிக்கு, சிநேகிதக்காரங்களோட, ஒரே ஒரு டம்ளர். நானே வெங்காயம் அரிஞ்சு குடுத்திருக்கேன்.”

“அம்மா, கொட்டிரட்டா?” என்று அண்ணன் எழுந்தான்.

“எதுக்குக் கொட்டணும்? நீ குடிப்பியோன்னு நான் பயப்படல. நீ கப்பலுக்குப் போயிட்டா மூணு கடல் தாண்டி இருப்ப. அங்க உன் வாய மோந்து பாக்க நான் இல்ல. அதுக்குத்தான் வீட்டுக்குள்ள வேணாம்னேன்.”

நான் நடுவில் புகுந்து, கறியில் ஊற்றிச் சமைத்துவிட்டால் ஆல்கஹால் ஆவியாகிவிடும், அப்படிச் செய்து தீர்த்துவிடலாமே என்றேன். சமாதானம் பண்ணுவதாக நினைப்பு. பிறகு தேடிப்பார்த்தபோது அதுவும் தப்பு. அமெரிக்க வேளாண்துறையின் கணக்குப்படி அரை மணி நேரம் கொதித்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தங்கிவிடும், இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 சதவீதம் இருக்கும். குழந்தைகள் சாப்பிடும் சமையலில் ஒயின் ஊற்றுகிறவர்கள் கவனிக்கவும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது”, “கர்ப்பமா இருக்கிறவங்க குடிச்சா புள்ள செவப்பா பொறக்கும்” என்று நம் ஊரில் சொல்கிறார்கள். இரண்டாவது அப்பட்டமான பொய், ஆபத்தான பொய். வயிற்றில் குழந்தை இருக்கும்போது ஒரு வாய்கூடக் கூடாது. முதலாவதைப் பொறுத்தவரை, உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒயினும் அதில் அடக்கம். ஆயிரக்கணக்கில் விலை, அதற்கு மேல் வருடக்கணக்காக 150 சதவீதம் சுங்கவரி என்பதால் அது மருந்தாகிவிடாது.

ஆனால் பால்கோவாவைப் பற்றி எழுதாமல் இந்தப் பத்தியை முடிக்க முடியாது. ஏனென்றால் அன்றைக்குக் கிடைத்த ஒரே முழுப் பொருத்தம் அதுதான்.

முதலில் தெரியாத்தனமாக அதை இனிப்பில்லாத ரெட் ஒயினோடு சாப்பிட்டேன். ஒயின் புளித்த வெந்நீர் மாதிரி ஆகிவிட்டது. இனிப்புப் பண்டத்தைவிட ஒயின் குறைவாக இனித்தால் இப்படித்தான் ஆகும். பிறகு டானி. பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்து, பல பட்டறைகளில் முந்திரிக்கொட்டைத் தோட்டை எரித்து, அடிபிடிக்காமல் கிண்டிக்கிண்டிச் சுண்டவைத்த பண்டம் அது. பால் சுண்டும்போது வரும் அந்த லேசான கருகல் இனிப்பும், வருடக்கணக்காகப் பீப்பாயில் கிடந்த டானியின் காய்ச்சிய சர்க்கரை வாசமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. ஒரு துளி போதும், ஸ்பூனில் எடுத்தால்கூடப் போதும். அந்த முந்திரிகூட பிரேசிலில் இருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது என்று நான் சொன்னதற்கு, “அப்ப எல்லாத்தையும் அவன்தான் குடுத்தானா? பால் நம்ம மாடுதானே?” என்றார் பெரியம்மா.

கிளம்பும்போது என்னிடம் கேட்டார்.

“இத பத்திரிகைல எழுதப்போறியா பாப்பா?”

“இல்ல பெரியம்மா. உங்களுக்குச் சங்கடம்னா எழுதல.”

“எழுது. என்னத்துக்கு என்ன சாப்பிடணும்னு எல்லாரும் எழுதுறாங்க. நீ உங்க பெரியப்பாவையும் சேத்து எழுது.”

திறந்த ரெட் ஒயின் பிரிட்ஜில் வைத்தாலும் மூன்று, நாலு நாளுக்கு மேல் தாங்காது. மீதியை அம்மா ஐந்தாவது நாள் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டார். டானி அப்படியில்லை. ஏற்கெனவே பீப்பாயில் காற்றுப்பட்டுப் பழகியதால் மாதக்கணக்கில் நிற்கும். அது இன்னும் எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் கதவில், மோர் பாத்திரத்துக்கும் இஞ்சி பூண்டு விழுதுக்கும் நடுவில் நிற்கிறது. அண்ணன் போன வாரம் மறுபடி கப்பலேறிவிட்டான்.

பெரியம்மா ராஜபாளையம் வரும்போதெல்லாம் முதலில் பிரிட்ஜைத் திறந்து பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார். அளவு குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் தண்ணீரே கேட்கிறார். போன முறை வந்தபோது, ஒயின் எதுவரை இருக்கிறதோ அங்கே கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.